சத்தம் போடாத ஒரு நாள்

ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு ஒரு பெரிய பறவைக்கூடு இருந்தது. பட்டறைக்காரர் பேர் ஞானதுரை. மீந்துபோன இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, நாலு பக்கமும் கம்பி வலை அடித்து, மேலே பாதிக்குத் தகரமும் பாதிக்கு வலையுமாக அவரே செய்தது. பாதி நிழலுக்கு, பாதி வெயிலுக்கு என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்.

இவ்வளவு பெரிய கூட்டில் ஒரே சாதிப் பறவையை விட்டால் வெறிச்சென்று கிடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு சாதியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சையும் நீலமுமாக ஒரு கூட்டம் லவ் பேர்ட்ஸ். சிவந்த மூக்குள்ள பின்ச் குருவி ஒரு சோடி. ஒரு வெள்ளைப் புறா. தலையில் மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் குங்குமப் பொட்டும் வைத்த ஒரு கொண்டைக்கிளி. கடைசியில், தரை சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு சோடி காடை.

அவர் மனைவி வேதமணி அப்போதே கேட்டாள்.

"இத்தனை சாதியையும் ஒண்ணா அடைச்சு வச்சா ஒத்துப்போகுமாங்க?"

"எடம் நெறையக் கெடக்குல்லா. அதது அதுபாட்டுக்கு இருக்கும்."

இருக்கத்தான் செய்தன. ஆனால் அதது அதுபாட்டுக்கு இல்லை. தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டு இருந்தன.

தகரத்துக்கு அடியில் உயரமாக ஒரு வேப்பங்கொம்பு கட்டியிருந்தது. அது கொண்டைக்கிளிக்கு. அதற்குக் கீழே இருந்த கொம்பு புறாவுக்கு. அதற்கும் கீழே வரிசையாகக் கட்டிய குச்சிகளில் லவ் பேர்ட்ஸ். மழைச்சாரல் அடிக்கிற பக்கத்து மூலையில் தொங்கிய மண்கலயம் பின்ச் குருவிகளுக்கு. தரை காடைகளுக்கு. மேலே இருப்பவர்கள் கொறித்துத் துப்பிய உமி, பாதி கடித்த தினை, இன்னும் மேலேயிருந்து என்னென்ன விழுமோ எல்லாமே காடைகளுக்குத்தான். காடைகள் அதில் தினையைப் பொறுக்கிக்கொள்ளும். மற்றதைக் காலால் கிளறி ஓரமாகத் தள்ளும்.

கொண்டைக்கிளிக்கு மேல் கொம்பு சும்மா கிடைக்கவில்லை. அதுதான் அந்தக் கூட்டுக்குக் காவல். அந்தப் பக்கம் வைரி என்கிற சின்னப் பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வைரியால் வலைக்குள் வர முடியாது. ஆனால் அதன் நகம் வரும். வலையைப் பற்றிக்கொண்டு எவன் தொங்குகிறானோ, அவன் கால் போச்சு. அதனால் வைரி தலை தெரிந்ததும் கொண்டைக்கிளி ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டதும் எல்லோரும் வலையை விட்டு நடுக்கொம்புக்கு ஓடிவந்து ஒண்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கூலியாக, ஞானதுரை அவித்த முட்டையை மசித்து வைக்கும்போது முதல் வாய் கொண்டைக்கிளிக்கு.

இதில் ஒரு கோளாறு இருந்தது. அந்த உயர்ந்த கொம்பில் உட்கார்ந்தால் சுற்றுப்பக்கம் எல்லாம் தெரியும், தலைக்கு மேலே தகரம்தான் தெரியும். வானம் தெரியாது. இது யாருக்கும் தோன்றவில்லை. கொண்டைக்கிளிக்கும் தோன்றவில்லை. நிழல் அவ்வளவு சுகமாக இருந்தது.

இன்னொரு முறையும் இருந்தது. தரையிலிருந்து வருகிற சத்தத்துக்கு மேலே இருப்பவர்கள் அசையக்கூடாது.

"அதுகளுக்கு முருங்கை இலை விழுந்தாலும் பயம். பூனை தும்மினாலும் பயம். அதுக்கெல்லாம் நாம எந்திரிச்சு ஓடுனா நல்லாவா இருக்கும்?" என்று புறா ஒரு தடவை சொன்னது. அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது.

ஒரு நாள் உச்சிப்பொழுது. கொண்டைக்கிளி கழுத்தை வளைத்துத் தன் வால் இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தது. பெண் பின்ச் குருவி வெயில் காய்வதற்காக வலையைப் பற்றிக்கொண்டு நின்றது. போன மழையில் அதன் கலயத்துக்குள் சாரல் இறங்கி, அடைவைத்த முட்டை எல்லாம் கெட்டுப்போயிருந்தது. அந்த ஈரம் உடம்பை விட்டுப் போகவில்லை போல எந்நேரமும் வெயிலைத் தேடும்.

கீழே பெண்காடை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் கிடப்பவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது, மேலேதான் பார்ப்பார்கள். வலைக்கு நேர் மேலே, வெயிலுக்கு உள்ளிருந்து, ஒரு கறுப்புப் புள்ளி கல் மாதிரி இறங்கியது.

"வைரி! நடுவுக்குப் போங்க!" என்று பெண்காடை கத்தியது.

"மதினிக்கு இன்னைக்கு எந்த இலை விழுந்துச்சாம்?" என்று லவ் பேர்ட்ஸ் சிரித்தன.

பின்ச் குருவிக்கு நன்றாகக் கேட்டது. வலையிலிருந்து ஒரு காலை எடுத்துவிட்டது. எடுத்த காலோடு கொண்டைக்கிளியைத் திரும்பிப் பார்த்தது. கொண்டைக்கிளியின் தலை வால் இறகுக்குள் இருந்தது. காவல்காரரே சும்மா இருக்கிறார், நாம் ஓடினால் சிரிப்பார்கள் என்று குருவி அந்தக் காலைத் திரும்ப வலையிலேயே வைத்தது.

வைத்த காலை வைரி பிடித்துவிட்டது.

அப்புறம் கூடு முழுக்க அமளி. காடைச் சாதிக்கு ஒரு குணம், பயந்தால் பக்கவாட்டில் ஓடாது, நேர் மேலே பாயும். கூரை இருப்பது ஞாபகம் இருக்காது. ஆண்காடை அப்படிப் பாய்ந்து, தகரத்தின் விளிம்பில் உச்சந்தலை கிழிந்து, பொத்தென்று விழுந்தது. ஞானதுரையும் வேதமணியும் ஓடிவந்தபோது வைரி போய்விட்டது. தகரத்தில் ரத்தம், தரையில் தள்ளாடும் காடை, வலையில் ஒரு கால் தொய்ந்து தொங்கும் குருவி. அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்.

"பாத்தியா, இந்தக் காடைப்பய மேல பாஞ்சு எல்லாத்தையும் கலைச்சு விட்டிருக்கான். குருவி பயந்துபோயி கம்பிக்குள்ள காலைக் குடுத்து ஒடிச்சுக்கிட்டு" என்றார் ஞானதுரை.

வேதமணி குருவியின் காலுக்கு மஞ்சள் குழைத்து வைத்தாள். கொஞ்சம் காடையின் தலையிலும் அப்பினாள்.

சாயங்காலம் பறவைகள் கூடின. கூடின என்றால் அவரவர் கொம்பில்தான். காடைகள் தரையில்.

கொண்டைக்கிளி தொண்டையைச் சரிசெய்துகொண்டது. அதன் கொண்டை ஒரு பக்கம் நிற்பதும் படுப்பதுமாக இருந்தது. அந்தச் சாதிக்கு மனசில் இருப்பதைக் கொண்டை காட்டிக் கொடுத்துவிடும், என்ன செய்ய.

"நடந்தது நடந்துபோச்சு. காடை மேல பாஞ்சதுனாலதான் இவ்வளவு கொழப்பமும்" என்றது.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு பாஞ்சது பொறவுலா. நான் அதுக்கு முன்னாலயே கத்துனேனே" என்றது பெண்காடை. குரலில் சண்டை இல்லை. ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னது.

"கத்துனியா? யாரு கேட்டா?"

லவ் பேர்ட்ஸ் ஒன்றை ஒன்று பார்த்தன.

"நாங்க எங்க பேச்சுல இருந்தோம்" என்றது ஒன்று.

"எங்க பேச்சுல எங்களுக்கே எங்க சத்தம் கேக்காது" என்றது இன்னொன்று.

"எனக்குக் கொஞ்சம் கண்ணு அசந்துட்டு" என்றது புறா. அது கண்ணை மூடியே சொன்னது.

கொண்டைக்கிளி பின்ச் குருவியின் பக்கம் திரும்பியது. குரல் இளகியது.

"ஏட்டி, கால் சரியில்லாதவ இன்னும் அந்தச் சாரல் மூலையில எதுக்குக் கெடக்க? தகரத்துக்கு அடியில எம்பக்கத்துல ஒரு கலயம் சும்மாத்தான் இருக்கு. சொட்டுத் தண்ணி எறங்காது. நாளைக்கே ரெண்டு பேரும் ஏறி வந்துருங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தியது.

"அப்புறம், நீ சொல்லு. காடை கத்துனது உனக்குக் கேட்டுதா?"

குருவி அந்தக் கலயத்தைப் பார்த்தது. காய்ந்த கலயம். அதன் வாயில் தேங்காய் நார்கூட யாரோ முன்னாலேயே வைத்திருந்தார்கள். ஆண்குருவி பக்கத்தில் நின்று மெள்ள ஒரு முட்டு முட்டியது.

"சரியாக் கேக்கல, அண்ணாச்சி."

பெண்காடை நிமிர்ந்து குருவியையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குனிந்து தன் புருசன் தலையில் காய்ந்த மஞ்சளைக் கொத்தி எடுக்கத் தொடங்கியது.

மறுநாள் காலையில் ஞானதுரை கூட்டுக்குள் வந்து இரண்டு காடைகளையும் பிடித்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே விட்டார்.

"இன்னைக்கு ஒரு நா இதுகள வெளிய போட்டுப் பாப்போம். கூடு அமைதியா இருந்துச்சுன்னா கோளாறு இதுகதான்னு ஆயிரும். பொரிப்புக்கடைத் தம்பியைச் சாயங்காலம் வரச் சொல்லிருக்கேன். குடுத்துவிட்டுருவோம்."

"அமைதியா இல்லன்னா?" என்றாள் வேதமணி.

"இல்லன்னா திரும்ப உள்ள விட்டுருவோம். வேற என்ன."

இதைக் கொண்டைக்கிளி கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் வீட்டுக்குள் போனதும் எல்லோரையும் கூப்பிட்டது.

"கேட்டியளா? இன்னைக்கு ஒரு நாள் யாரும் சத்தம் போடக்கூடாது. சண்டை கூடாது, பாட்டுக் கூடாது, றெக்கை அடிக்கக்கூடாது. சாயங்காலம் வரைக்கும் பேசாம இருந்துட்டா காரியம் முடிஞ்சு போகும்."

"நாங்களுமா, அண்ணாச்சி?" என்றன லவ் பேர்ட்ஸ்.

"நீங்கதான் முக்கியமா."

"மூச்சு விட்டுக்கிடலாமா?"

"வாயை மூடிக்கிட்டு விடுங்க."

பின்ச் குருவி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டது. "அண்ணாச்சி, அந்தக் காடைகளைக் கொண்டுபோயி என்ன செய்வாங்க?"

"எங்கயாவது தோட்டம் தொரவுல விடுவாங்களா இருக்கும். அதுகளுக்கும் விசாலமா இருக்கும்லா."

அந்தத் தெருமுனையில்தான் பொரிப்புக்கடைத் தள்ளுவண்டி நிற்கும். பொழுது சாயும்போது காற்று இந்தப் பக்கம் திரும்பினால், காய்ந்த எண்ணெயும் மிளகாய் மசாலாவும் கலந்த வாசனை கூட்டுக்குள் வரும். தினமும் வரும். அது என்ன வாசனை என்று கூட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி தோட்டத்தைப் பற்றி நினைத்துக்கொண்டன.

அன்றைக்கு அந்தக் கூடு இருந்த அமைதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் வாயில் எதையோ அடைத்துவைத்த மாதிரி கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தன. புறா குனுகவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவர்கள்கூட அலகு சட்டியில் படாமல் குடித்தார்கள். உமி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கீழே அதைக் கிளறித் தள்ள ஆள் இல்லாததால் அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கூட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த ஞானதுரைக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியாட்டி? கோயில் மாதிரி இருக்கு."

வேதமணி துணி அலசிக்கொண்டே கூட்டைப் பார்த்தாள்.

"எனக்கு என்னமோ பயமா இருக்கு. மேலுக்கு முடியலயோ என்னவோ. இந்த லவ் பேர்ட்ஸ் எல்லாம் செத்தாக்கூடக் கத்திக்கிட்டே சாகுற சாதியில்லா."

"உனக்கு அமைதியா இருந்தாலும் கொறை."

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தார். வேதமணி அலசிய துணியை எடுத்துக்கொண்டு முன்பக்கக் கொடிக்குப் போனாள்.

அப்போதுதான் வைரி வந்தது. இந்தத் தடவை நேர் மேலே இருந்து வரவில்லை. முருங்கை மரத்தில், இலை மறைவில், வந்து உட்கார்ந்தது. தகரத்துக்கு அடியில் இருந்த உயர்ந்த கொம்பிலிருந்து பார்த்தால் அது தெளிவாகத் தெரிந்தது. கண்ணின் மஞ்சள்கூடத் தெரிந்தது. அது எங்கே பார்க்கிறது என்பதும் தெரிந்தது. வெயில் விழுகிற பக்கம், வலையில் சாய்ந்து, மிச்சமிருந்த ஒரு காலால் கம்பியைப் பற்றிக்கொண்டு பின்ச் குருவி நின்றது. இன்னும் கலயம் மாறவில்லை. இன்று யாரும் றெக்கை அடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததே.

கொண்டைக்கிளி வாயைத் திறந்தது.

ஒரு சத்தம் போதும். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்கு ஞானதுரை விழித்துக்கொள்வார். காடை இல்லாமலும் இவர்கள் கத்தத்தானே செய்கிறார்கள் என்பார். காடைகள் திரும்பி வரும். வந்தால் நேற்று உச்சிப்பொழுதில் யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற பேச்சும் கூடவே வரும்.

வைரி சும்மா உட்கார்ந்திருக்கிறது, போனாலும் போய்விடும் என்று கொண்டைக்கிளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டது.

வாயைத்தான் மூட முடிந்தது. கொண்டை விறைத்து நட்டுக்கொண்டு நின்றது. கீழேயிருந்து அதைப் பின்ச் குருவி பார்த்தது. அண்ணாச்சி எதையோ பார்த்துவிட்டார் என்று அதற்குப் புரிந்துபோனது. சத்தம் வரும் என்று காத்திருந்தது. சத்தம் வரவில்லை.

இலை அசைந்தது.

"வைரி! முருங்கையிலேருந்து வருது! நடுவுக்குப் போங்க, நடுவுக்கு!"

சத்தம் பஞ்சாரத்துக்குள்ளிருந்து வந்தது.

மேலா, கீழா, உள்ளேயா, வெளியேயா என்று அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை. பின்ச் குருவிதான் முதலில் பாய்ந்தது. அதன் பின்னால் லவ் பேர்ட்ஸ், அதன் பின்னால் புறா. வைரியின் நகம் வெறும் கம்பியைப் பிடித்தது. பிடித்து உலுக்கிப் பார்த்தது. வேதமணி ஈரக்கையோடு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததும் வலையை விட்டு எழும்பிப் போனது.

ஞானதுரை நாற்காலியிலிருந்து எழுந்து கூட்டைச் சுற்றி வந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் நடுக்கொம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேல் கொம்பில் கொண்டைக்கிளி மட்டும் கொண்டையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

"இவன்தான் கத்திருக்கான். கொண்டையைப் பாரு, எப்படி நிக்குன்னு. காவக்காரன்னா இவன்லா காவக்காரன்" என்றார்.

"இல்லைங்க. சத்தம் கல்லுப் பக்கமிருந்துலா வந்துது."

"பஞ்சாரத்துக்குள்ள கெடக்கதுக்கு வைரி வந்தது என்ன தெரியும்? நீ போயி ஒரு முட்டை அவி. பயலுக்கு இன்னைக்கு முழு முட்டை."

முட்டை அவிந்து, மசித்து, மேல் கொம்புக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்துக்கு வந்தது. அதற்குள் பொழுதும் சாய்ந்தது. வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"அண்ணாச்சி, காடை இருக்குன்னியளே" என்று பொரிப்புக்கடைத் தம்பி பின்பக்கம் வந்தான். கையில் ஒரு சாக்கு.

"அந்தா இருக்கு, பிடிச்சுக்கோ."

வேதமணி அவனுக்கு முன்னால் போய்ப் பஞ்சாரத்தை ஒரு பக்கமாகத் தூக்கினாள். ஆண்காடைக்குப் பழைய புண் திறந்து மறுபடி ரத்தம் வடிந்திருந்தது. உள்ளேயும் நேர் மேலே பாய்ந்து மூங்கிலில் முட்டியிருக்கிறது. பெண்காடை தப்பி ஓடப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்த பக்கம் வேதமணியும் நிமிர்ந்து பார்த்தாள். எங்கேயோ உயரத்தில் வைரி இன்னும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"இந்தக் காடை போகாது, தம்பி. நீ போயிட்டு வா" என்றாள்.

"என்னட்டி இது, வரச் சொல்லி நான் சொல்லிட்டேன்லா" என்றார் ஞானதுரை.

"அது எங்க பாக்குன்னு நீங்களே பாருங்க."

அவரும் பார்த்தார். காடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மேல் கொம்பைப் பார்த்தார். சாய்வாக இறங்கும் தகரத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தான் பற்றவைத்த தகரம்தானே.

"சரி, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

வேதமணி காடைகளைக் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

கூட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலையிலிருந்து பழகிய அமைதி. ஆனால் காலையில் இருந்த அமைதி வேறு, இது வேறு. லவ் பேர்ட்ஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்தன. புறா நிஜமாகவே தூங்குவது போல இருக்கப் பார்த்தது.

பெண்காடை உள்ளே வந்ததும் தரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தது.

"எல்லாரும் இருக்கியளா?"

புறா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

"காலையிலேருந்து ஏன் இப்படிச் சத்தமே இல்லாம கெடந்திய? யாருக்கும் மேலுக்கு முடியலயோன்னு நெனச்சேன். பஞ்சார ஓட்டை வழியா உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதான் அந்தப் பாவி முருங்கையில வந்து உக்காந்தது தெரிஞ்சுது. இல்லன்னா தெரிஞ்சிருக்காது."

லவ் பேர்ட்ஸில் ஒன்று ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் இருந்ததன் இறகுக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

பின்ச் குருவி தத்தித் தத்தி வலை வழியாக இறங்கி வந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குமேல் இறங்க அதற்குத் தைரியம் வரவில்லை.

"மதினி, நேத்து நீங்க கத்துனது எனக்குக் கேட்டுது. நல்லாவே கேட்டுது."

"தெரியும், புள்ள" என்றது பெண்காடை. "ஒரு காலை எடுத்தியே. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"தெரிஞ்சா ஏன் நேத்தே சொல்லல?"

"வலியில கெடக்கவகிட்ட என்ன கேக்க."

குருவி தலையைத் தொங்கப்போட்டது. தகரத்துக்கு அடியில் இருந்த காய்ந்த கலயத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பித் தன் சாரல் மூலைக்கே ஏறிப்போனது.

மேலே கிண்ணத்தில் முழு முட்டை அப்படியே இருந்தது. ஓரம் காய்ந்து மஞ்சள் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பியது. தெருமுனையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. தினமும் வருகிற வாசனைதான். அன்றைக்கு அது முட்டைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது கொண்டைக்கிளிக்கு.

அது கொம்பை விட்டு இறங்கியது.

முதலில் புறாவின் கொம்புக்கு வந்தது. புறா நகர்ந்து இடம் விட்டது. அங்கே உட்காரவில்லை. லவ் பேர்ட்ஸின் குச்சிக்கு வந்தது. அவையும் நகர்ந்தன. அங்கேயும் உட்காரவில்லை. ஒவ்வொரு குச்சியிலும் கொஞ்ச நேரம் நின்று, தரையில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டது. நான் இன்றைக்கு வைரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கத்தவில்லை. நேற்று என் தலை வாலுக்குள் இருந்தது. அடுக்க அடுக்கக் கொண்டை படிந்துகொண்டே வந்தது. கடைசிக் குச்சியில் அது தலையோடு ஒட்டி, கொண்டை இருக்கிற இடமே தெரியாமல் போனது.

தரையில் கால் வைத்தது. அந்தக் கூட்டுக்கு வந்த நாளிலிருந்து அது தரையில் கால் வைத்ததில்லை. எப்படி நிற்பது என்று தெரியவில்லை. காலையிலிருந்து யாரும் கிளறாத உமி காலில் ஒட்டியது. நாலு எட்டு வைத்து, காடைகள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மேலே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, நான்..." என்றது. அடுக்கி வைத்திருந்ததில் அதற்குமேல் ஒன்றுகூட வரவில்லை.

தலையில் புண்ணோடு படுத்திருந்த ஆண்காடை எழுந்து, தான் படுத்திருந்த இடத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கியது.

"அங்கன நிக்காதிய, அண்ணாச்சி. அங்கன மேலேருந்து எச்சம் விழும். எந்நேரமும் விழுந்துக்கிட்டேதான் இருக்கும். இங்கன தள்ளி வாங்க" என்றது.

கொண்டைக்கிளி தன் காலடியைப் பார்த்தது. பழைய எச்சம் காய்ந்து, அதன் மேல் புது எச்சம் காய்ந்து, தரை அந்த ஓர் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது. காடை எத்தனை கிளறியும் போகாத வெள்ளை.

பிறகு அண்ணாந்து பார்த்தது. நேர் மேலே, தகரத்துக்கு அடியில், இருந்தது அதன் கொம்புதான்.